வாத்தியார் தேராத மாணாக்கர்

வடசென்னையில் குத்துச்சண்டை கற்பிப்பவருக்கு 'வாத்தியார்' என்பதே பெயர். நம் தோட்டங்களில் சிலம்பம் கற்பித்தவரையும் மக்கள் அவ்வாறே அழைத்து வந்தனர். 'உபாத்தியாயர்' என்னும் வடசொல் தேய்ந்து வந்த இச்சொல், அரிச்சுவடி கற்பித்தவருக்கும் கம்பு சுற்றக் கற்பித்தவருக்கும் வேறுபாடின்றி வழங்கியது. இன்று நாம் 'பயிற்றுநர்' என்று எழுதுகிறோம். பிள்ளைகள் 'கோச்' என்கின்றனர். இரண்டும் பயனுள்ள சொற்களே. ஆயினும் பழைய சொல்லில் இருந்த உரிமையும் அச்சமும் புதிய சொற்களில் இல்லை.

அப்பழைய சொல்லை மீண்டும் அவையேற்றிய படம் பா. இரஞ்சித் இயக்கி 2021ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இணைய வழியாக வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை'. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 2016இல், சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' வெளிவந்தது. இரண்டும் குத்துச்சண்டைக் கதைகள்; இரண்டிலும் மாணாக்கனுக்கு இணையாகவோ அவனைவிட ஒருபடி மேலாகவோ ஆசான் நிற்கிறான். திரைப்படத்தை இப்பகுதியில் திறனாய்வுக்கு எடுக்கலாமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். நம் மாணவர்கள் ஆசான் என்பவன் எப்படிப்பட்டவன் என்பதை நன்னூலில் கற்பதைவிடத் திரையில் கற்பதே மிகுதி. ஆகவே அங்கு என்ன கற்பிக்கப்படுகிறது என்று பார்ப்பது நம் கடமைக்குப் புறம்பானதன்று.

ஒரு பயிற்றுநரை எதைக்கொண்டு அளப்பது? அவரிடம் பயின்று வென்றவனைக்கொண்டு அளப்பது உலக வழக்கு. செய்தித்தாள்களும் அப்படித்தான் அளக்கின்றன. நான் வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். அவர் யாரைத் தேர்ந்தெடுக்கவில்லையோ அவனை என்ன செய்தார்? பத்துப் பேர் ஒரே மண்ணில் வியர்வை சிந்த, மேடையேறுபவன் ஒருவனே. மற்ற ஒன்பது பேரும் நாளைக்கும் அதே மண்ணுக்குத்தான் வரவேண்டும். அவர்களின் கண்ணை வாத்தியார் எப்படி எதிர்கொண்டார் என்பது வெற்றிக் கோப்பையில் பொறிக்கப்படுவதில்லை.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. பாரதக் கதையில் துரோணரை நினைத்தவுடன் ஏகலைவனின் கட்டைவிரல்தான் நம் நினைவுக்கு வருகிறது. அஃது இயல்பே. ஆனால் அக்கதைக்கு முன்னரே சிறியதொரு நிகழ்ச்சி உண்டு. பலரும் அதைக் கடந்து போய்விடுகின்றனர். துரோணர் தம் மாணாக்கரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்புகிறார். அரசிளங்குமரர் அனைவருக்கும் வாய் குறுகிய கமண்டலம் கொடுக்கிறார். தம் மகன் அசுவத்தாமனுக்கு மட்டும் வாயகன்ற குடத்தைக் கொடுக்கிறார். அவன் விரைவில் நிரப்பிக்கொண்டு திரும்புவான். மற்றவர் வருவதற்குள் அவனுக்குத் தனியே ஒரு வித்தையைச் சொல்லிக்கொடுத்து விடலாம். அருச்சுனன் இதைக் கண்டுகொள்கிறான். வருணனின் படைக்கலத்தால் தன் கமண்டலத்தை நொடியில் நிரப்பி, ஆசான் மகனோடு ஒன்றாகத் திரும்புகிறான். அன்று முதல் அவன் துரோணருக்கு உகந்தவன் ஆகிறான்.

அருச்சுனனின் கூர்மையை வியப்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். கமண்டலம் மெல்ல மெல்ல நிரம்பும்வரை நீர்த்துறையில் காத்திருந்த மற்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்பதில்லை. அவர்களுக்கு அம்பெய்யும் ஆற்றல் குறைவா, பாத்திரத்தின் வாய் சிறிதா என்பதை எவர் அறிவார்?

துரோணர் கொடியவர் அல்லர். அவருக்கு ஒரு கடன் இருந்தது. வறுமையில் மகனுக்குப் பால் கொடுக்க வழியில்லாமல், இளமைத் தோழனான துருபதனிடம் சென்று இழிவுபட்டு மீண்டவர் அவர். குரு காணிக்கையாக அவர் மாணாக்கரிடம் கேட்டது பொன்னன்று, துருபதனையே பிடித்துக் கொணரும்படி கேட்டார். அந்நாளை எண்ணியே அவர் வில்லாளர்களை வளர்த்து வந்தார் என்று கொண்டால், அருச்சுனனிடம் அவருக்கிருந்த அளவிறந்த பற்றின் பொருள் விளங்கும். தன் பழைய புண்ணுக்கு மருந்து தேடும் ஆசான், மாணாக்கரைப் பார்க்கும்போது பிள்ளைகளைப் பார்ப்பதில்லை; எந்த அம்பு இலக்கைத் தொடும் என்றே பார்க்கிறான்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் ஆசிரியர் ஆகாதவருக்கு நான்கு உவமைகள் கூறுகிறார் அல்லவா? கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இவற்றை மனப்பாடம் செய்தோர் நம்மில் பலர். அவற்றுள் முடத்தெங்கு இக்கட்டுரைக்கு உரியது. வேலிக்குள் ஒருவன் நீர் வார்த்து வளர்த்த தென்னை, வளைந்துபோய் அடுத்த மனைக்காரனுக்குக் காயைக் கொடுக்கிறது. நீர் வார்த்தவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இவ்வுவமையைக் கையில் வைத்துக்கொண்டு சார்பட்டா பரம்பரைக்குள் நுழைவோம்.

கதை நிகழும் காலம் 1970களின் நடுப்பகுதி. சார்பட்டா, இடியாப்பன் என்னும் இரு பரம்பரைகளுக்குள் தீராத போட்டி. சார்பட்டாவின் வாத்தியார் ரங்கன், பசுபதி நடித்திருக்கிறார். தோல்விமேல் தோல்வி கண்ட அவர், இம்முறையும் தோற்றால் சார்பட்டா இனி மேடையேறாது என்று ஊரறியச் சூளுரைக்கிறார். எதிரே நிற்பவன் வேம்புலி என்னும் மாவீரன். அவனோடு மோத யாரை அனுப்புவது?

ரங்கனுக்கு வெற்றிச்செல்வன் என்றொரு மகன் இருக்கிறான். அவனும் குத்துச்சண்டை வீரன். தந்தை தன்னைத்தான் அழைப்பார் என்று எதிர்பார்த்து நிற்கிறான். அவர் இராமனை அழைக்கிறார். பிறகு இராமனிடமும் அவருக்கு நிறைவு ஏற்படவில்லை. மனக்கசப்பு முற்றுகிறது. இடையில் கபிலன் புகுந்து இராமனை வீழ்த்துகிறான். கபிலன் துறைமுகத்தில் உழைப்பவன். தாய் தடுத்ததால் முறையாக எவரிடமும் பயிலாதவன். ரங்கன் வாத்தியாரையும் அவர் வீரர்களையும் பார்த்துப் பார்த்தே வித்தையை உள்வாங்கிக்கொண்டவன். ஏகலைவனின் சாயல் இங்குத் தெளிவாகவே விழுகிறது. ஆனால் இந்தத் துரோணர் விரலைக் கேட்கவில்லை, கையுறையை மாட்டிவிடுகிறார். இயக்குநர் பழங்கதையைத் திருப்பி எழுதிய இடம் இது. தமிழ்த் திரையில் இதுபோன்ற ஒரு திருத்தம் வந்ததற்காக மகிழ்கிறேன்.

ஆயினும் திருத்தம் பாதிதான். ஏகலைவனை உள்ளே அழைத்துக்கொண்ட வாத்தியார், உள்ளே இருந்தவர்களை என்ன செய்தார்? வெற்றிச்செல்வனாக நடித்த கலையரசனின் முகத்தைப் படம் முழுதும் கவனித்து வருக. பெயர் அறிவிக்கப்படும் வேளையில் அம்முகத்தில் தோன்றி மறையும் வாட்டம் பின்னர் எங்கும் முழுமையாக நீங்குவதில்லை. தந்தை அவனை அடிக்கவில்லை, இகழவுமில்லை. உன்னை ஏன் அழைக்கவில்லை என்று அமர்ந்து சொல்லவும் இல்லை. மகனுக்குச் சலுகை காட்டினார் என்ற பழி வரக்கூடாது என்று அவர் எண்ணியிருக்கலாம்; அந்த வகையில் அவர் துரோணரைவிட உயர்ந்தவர்தான், வாயகன்ற குடத்தை மகனிடம் கொடுக்கவில்லை. ஆனால் நீர் வார்த்த கைக்கு ஓர் இளநீரும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. முடத்தெங்கு வேண்டுமென்றே வளைவதில்லை. அது வளைந்து நிற்பதை அது அறிவதுமில்லை.

இராமன் கதை இன்னும் கசப்பானது. படம் அவனிடம் அவ்வளவு பரிவு காட்டவில்லை. ஊர் பார்க்கத் தேர்ந்தெடுத்து, ஊர் பார்க்கக் கைவிட்ட ஒருவனின் மனம் என்ன பாடுபடும்? அவனுடைய மாமன் தணிகையின் சினம், கபிலன் வெல்லும் நேரத்தில் மேடையையே கலைத்துவிடுகிறது. கலவரத்தில் கபிலன் ஆடை களையப்பட்டு இழிவுபடுகிறான். அதே வேளையில், 1976ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் தமிழக அரசு கலைக்கப்பட்ட செய்தி வர, கழகத் தொண்டரான ரங்கன் கைது செய்யப்படுகிறார். வரலாற்றையும் தனிமனிதப் பகையையும் ஒரே கயிற்றில் முறுக்கிய இக்காட்சியைப் பலரும் பாராட்டியிருக்கின்றனர். பாராட்டுக்குரியதே. நான் பார்ப்பது வேறொன்று. பரம்பரையின் மானத்தை அன்று குலைத்தது வேம்புலியின் கையன்று. வாத்தியார் ஆறாமல் விட்டுச்சென்ற ஒரு புண்.

படத்தின் பிற்பகுதி நீளம் என்று குறை கூறுவோர் உண்டு. எனக்கோ அதன் உயிரே அங்குத்தான் இருப்பதாகப் படுகிறது. ரங்கன் சிறைக்குப் போனபின் கபிலன் குடிக்கு அடிமையாகிறான். கள்ளச்சாராயத் தொழிலில் அவனோடு சேர்பவன் யார்? வெற்றிச்செல்வன். வாத்தியார் தேர்ந்தவனும் தேராதவனும் ஒரே சாராயப் பானையின் அருகில் வந்து நிற்கின்றனர். இதைவிடக் கூர்மையாக ஓர் ஆசானைத் திறனாய்வு செய்ய முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்கும் அவர் மேடையை மட்டுமே காட்டியிருந்தார். மேடை இல்லாத நாளில் எப்படி வாழ்வது என்று காட்டியிருக்கவில்லை.

அப்பொழுது வருகிறார் பீடி இராயப்பன். பழைய வீரர்; கடலோரத்து மனிதர். ஊதிப்போன உடம்போடு நிற்கும் கபிலனை எடுத்து மணலில் ஓடவிட்டு, மீண்டும் ஆளாக்குகிறார். அவர் சூளுரைக்கவில்லை. காக்கவேண்டிய பரம்பரை மானமும் அவருக்கு இல்லை. கபிலன் வென்றால் அவருக்குத் தீரப்போகும் கடனும் எதுவுமில்லை. சில காட்சிகளே வந்துபோகும் இவரே படத்தின் தலைசிறந்த வாத்தியார் என்று நான் கருதுகிறேன். ரங்கனின் கம்பீரத்தில் மயங்கிய நம் விமரிசகர்கள் இவரை ஒரு பாட்டுக்குள் அடக்கிவிட்டனர். இயக்குநரும் ஓரளவு அப்படியே செய்துவிட்டார் என்பது என் மனக்குறை.

'இறுதிச்சுற்று' இவ்வளவு ஆழம் செல்லவில்லை. மாதவன் நடித்த பிரபு செல்வராஜ், பிறர் சூழ்ச்சியால் தம் விளையாட்டு வாழ்வை இழந்தவர். பொய்க் குற்றச்சாட்டொன்றால் சென்னைக்கு மாற்றப்படுகிறார். அங்கே பல ஆண்டுகளாகக் குத்துச்சண்டை பயில்பவள் லக்ஸ். விளையாட்டின் வழியாகக் காவல்துறையில் வேலை பெற வேண்டும் என்பது அவள் நினைவு. பிரபுவின் கண் அவளைத் தாண்டி, மீன் விற்கும் தங்கை மதியின்மேல் விழுகிறது. பயிற்சிக்கு வருவதற்காக மதிக்கு நாள்தோறும் பணமும் கொடுக்கிறார். நாள்தோறும் பணமின்றி வந்து பயின்ற அக்காள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மதியின் துடுக்கும் வீச்சும் மறக்கமுடியாதவை. ரித்திகா சிங் உண்மையிலேயே தற்காப்புக்கலை கற்றவர் என்பதால் ஒவ்வொரு குத்திலும் பொய்யில்லை. ஆகவே பிரபு அவளைத் தேர்ந்தது தவறென்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் லக்ஸை என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. அவள் பொறாமையால் தங்கையின் கையைக் காயப்படுத்துகிறாள், மதி தோற்கிறாள். பிரபு காரணம் கேளாமலே, தம்மீது கொண்ட காதல் நிறைவேறாததால் அவள் வேண்டுமென்றே தோற்றாள் என்று எண்ணித் துரத்திவிடுகிறார். அக்காளிடம் ஒரு சொல், தங்கையிடம் ஒரு கேள்வி; இவ்விரண்டும் இருந்திருந்தால் படத்தின் பாதித் துன்பம் நேர்ந்திராது. கதையாசிரியரோ பழி முழுவதையும் லக்ஸின் பொறாமைமேல் போட்டுவிட்டு, பயிற்றுநரை நல்லவராகவே நிறுத்திவிடுகிறார்.

விளையாட்டுக் கதைகளில் இஃது ஒரு வழக்கமாகிவிட்டது. தேராது விடப்பட்டவன் பொறாமைக்காரன் ஆவான், சதி செய்வான், கதை அவனைத் தண்டிக்கும் அல்லது மன்னிக்கும். அவனைப் பொறாமைக்காரன் ஆக்கியதில் பயிற்றுநருக்குப் பங்குண்டா என்று கதை கேட்பதேயில்லை. 2007இல் வந்த 'சக் தே இந்தியா' என்னும் இந்திப் படம் மட்டும் ஒரு கணம் கேட்டது. தலைமை கிடைக்காமல் புழுங்கும் மூத்த வீராங்கனை பிந்தியாவிடம், கொரிய அணியோடு நடக்கும் ஆட்டத்தில் பயிற்றுநர் கபீர்கான் தாமே சென்று உதவி கேட்கிறார். உன்னால் மட்டுமே முடிந்த வேலை ஒன்று இருக்கிறது என்று அவளுக்கு உணர்த்துகிறார். அவள் அதைச் செய்து முடிக்கிறாள். மிகச் சிறிய காட்சி. பயிற்சிக் கல்லூரியில் ஒரு பாடவேளை முழுவதும் வைத்துப் பேசத் தகுந்தது.

'இறுதிச்சுற்று' குறித்து இன்னொன்றும் சொல்லவேண்டும். மாணவி பயிற்றுநர்மேல் காதல் கொள்கிறாள், அவர் மறுக்கிறார், முடிவில் வெற்றிக் களிப்பில் அவள் ஓடிவந்து தழுவிக்கொள்வதைப் படம் அக்காதலின் நிறைவாகவே காட்டுகிறது. கதையில் மதி வளர்ந்த பெண், ஆதலால் இதில் என்ன என்று கேட்பர். நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறார் பாலியல் குற்றச் சட்டம், பிள்ளைகளின் நம்பிக்கைக்கு உரியவர் யார் யார் என்று கூறுமிடத்தில் ஆசிரியரோடு விளையாட்டுப் பயிற்றுநரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. சட்டம் இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திய பின்னரும், பயிற்றுநர் மாணவி உறவைக் காதற் பாட்டுக்குரிய பொருளாக்குவது பொறுப்பான கலையன்று. படத்தின் தொடக்கத்தில் இத்தகைய குற்றச்சாட்டு பொய்யாகப் புனையப்படுவது அதனினும் வருத்தத்திற்குரியது. உண்மையாக முறையிடவரும் பெண்ணைப் பார்த்து, 'படத்தில் வந்ததுபோல்' என்று நகைப்பதற்கு அது வழி செய்கிறது.

கதைகளை விட்டு நம் மண்ணுக்கு வருவோம். சிலாங்கூரின் பந்திங் வட்டாரத்தை அறியாத தோட்டத் தமிழர் இலர். அங்குத் தோன்றிய பூப்பந்துக் குடும்பமே சிடேக் குடும்பம். தந்தை முகமது சிடேக்தான் மிஸ்புன், ரசிப், ஜெலானி, ரஹ்மான், ரஷிட் ஆகிய ஐந்து மைந்தருக்கும் முதல் பயிற்றுநர். ஐவரும் நாட்டுக்காக ஆடினர். 1992இல் பார்சிலோனாவில் ரசிப்பும் ஜெலானியும் பெற்ற வெண்கலமே மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். 1996இல் அட்லாண்டாவில் ரஷிட் மற்றொரு வெண்கலம் கொணர்ந்தார். மூத்தவர் மிஸ்புன் ஆடிப் புகழ்பெற்ற காலத்தில் பூப்பந்துக்கு ஒலிம்பிக்கில் பதக்கமே கிடையாது. அவர் பின்னர்ப் பயிற்றுநராகி, லீ சோங் வெய்யை 2008இல் பெய்ஜிங் வெள்ளிப் பதக்கம்வரை கொண்டுசென்றார். ஐவருக்கும் பதக்கம் ஒன்றுபோல் வரவில்லை; வரவும் வராது. ஆனால் ஒருவனை மட்டும் பொறுக்கியெடுத்து நால்வரைப் பந்து பொறுக்க விட்டிருந்தால், பதக்கம் எவனிடமிருந்து வந்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தத் தந்தையால் முடியும்?

பள்ளியில் நம் நிலை சற்று வேறு. 2011 முதல் கல்வியமைச்சு 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஒரு விளையாட்டில் ஈடுபடவேண்டும் என்பது அதன் கருத்து. தாளில் நன்றாக இருக்கிறது. ஆனால் மாவட்டப் போட்டி நெருங்கும்போது திடலில் என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர்கள் அறிவர். வேகமாக ஓடும் நால்வருக்குக் காலணி. அவர்களுக்கு மாலைநேரப் பயிற்சி. அவர்களுக்கே முட்டையும் பாலும். ஐந்தாமவன் தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடுகிறான். நூற்றைம்பதுக்கும் குறைந்த பிள்ளைகளே உள்ள நம் தோட்டப் பள்ளிகளில் இன்னொரு விந்தையும் உண்டு. நூறு மீட்டர் ஓடுபவனும் நீளம் தாண்டுபவனும் தொடர் ஓட்டத்தில் கடைசிக் கோலைப் பிடிப்பவனும் ஒரே பையனாக இருப்பான். அவனுக்கு மூச்சு வாங்குகிறது. மற்றவருக்குக் கை தட்டிக் கை வலிக்கிறது.

வல்லவனை அனுப்பக்கூடாது என்று நான் வாதிடவில்லை. போட்டி என்றால் தேர்வு உண்டு. தராசுக்கோலைப் பவணந்தியார் நல்லாசிரியருக்கே உவமையாகக் கூறினார். தராசு எடையை மறைப்பதில்லை. எடை குறைந்தது என்றால் எவ்வளவு குறைந்தது என்று முள் காட்டிவிடும். ரங்கன் மகனிடம் காட்டாததும் பிரபு லக்ஸிடம் காட்டாததும் அந்த முள்ளைத்தான். "உன் இடக்கை மெதுவாக எழுகிறது, இவனுக்கு விரைவாக எழுகிறது; ஆகவே இம்முறை இவன்" என்று ரங்கன் சொல்லியிருந்தால் வெற்றிச்செல்வன் அன்றிரவு உறங்கியிருக்கமாட்டான். மறுநாள் விடியலில் இடக்கையைப் பழக்கியிருப்பான். காரணம் தெரிந்த தோல்வியோடு ஒரு பிள்ளையால் வாழமுடியும். காரணம் தெரியாத புறக்கணிப்பு அவனைத் தன் பிறப்பையும் குலத்தையும் முகத்தையும் குறைகாணச் செய்துவிடும்.

குறைகள் இருந்தபோதிலும் 'சார்பட்டா பரம்பரை'யை நான் உயர்த்தியே மதிப்பிடுகிறேன். அது வெற்றிச்செல்வனை வில்லனாக்கவில்லை. அவன் சதி செய்யவில்லை. கபிலனை வெறுத்தொதுக்கவும் இல்லை. காயப்பட்டவனாகவே கடைசிவரை உடன் நிற்கிறான். தமிழில் விளையாட்டுக் கதை எழுதிய வேறு யாரும் இவ்விடத்தில் இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. இப்படத்தின் இரண்டாம் பகுதி வரும் என்று 2023ஆம் ஆண்டு மார்ச் திங்களில் அறிவித்தனர். கபிலன் மீண்டும் மேடையேறுவான் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. வெற்றிச்செல்வனைத் தந்தை பெயர் சொல்லி அழைக்கும் ஒரு காட்சிக்காக நான் அனுமதிச்சீட்டு வாங்குவேன்.